எந்த வேலி பத்திக்காது?

"மரவேலிதான் அழகு!" வேலிக் கடையில் அவர் அடம்பிடித்தார்.

"அழகா? போன காட்டுத்தீயில மரவேலி பத்திக்கிட்டு, தீ சமையலறை வரைக்கும் வந்துச்சே! இரும்புதான்" என்றாள் அவள்.

"அன்னைக்குத் தண்ணி ஹோஸைத் தூக்கிட்டு ஓடி வந்தது யாரு?"

"நீங்கதான். ஆனா நனைச்சது என்னை, தீயை இல்ல!"

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு?"

"ஐயையோ! நாங்க பக்கத்துப் பக்கத்து வீடு!" இருவரும் ஒரே குரலில் அலறினார்கள். "ரெண்டு பேருமே ஒண்டிக்கட்டை. நடுவுல போட வேலி வாங்க வந்தோம்."

அலறிவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

அவர் தொண்டையைச் செருமினார். "நடுவுல வேலியே இல்லன்னா?"

அவள் கையிலிருந்த இரும்புக் கம்பியை மெல்லக் கீழே வைத்தாள். "பத்திக்க ஒண்ணுமே இருக்காது."

வாயைக் கொடுத்து வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்ட கடைக்காரர், அளவு நாடாவைச் சுருட்டினார்.