பச்சைச் சட்டைக்குப் போன பந்து

"எவ்வளவு வாங்கினே, சொல்லித் தொலைடா..." "கத்தாதே பாஸெல், வெளியில ஜனம் நிக்குது..." "நிக்கட்டும் கோச், கடைசி நொடியில எதிராளி கையில பந்தைக் கொடுத்தவன் மூஞ்சியை அவங்களும் பாக்கட்டும்." பெய்ரூத் கூடைப்பந்து உள்ளரங்கின் உடை மாற்றும் அறையில், கேப்டனும் பயிற்சியாளரும் விஸ்ஸாமின் தலைக்கு மேலே சண்டை போடுகிறார்கள். கிளப் கிளப்பாக மாறி, இந்த வருடம் சிவப்புச் சட்டைக்கு வந்தவன் அவன். முட்டியில் கட்டிய ஐஸ் பை உருகி, தண்ணீர் கால் வழியே செருப்புக்குள் இறங்குகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ரசிகர்கள் தர்புக்கா மேளம் அடித்து, விலைபோனவன் என்று பாடுகிறார்கள். அவன் காசும் வாங்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை. போன வருடம் வரை தானும் போட்டிருந்த பச்சைச் சட்டையைக் கண்டதும் கை தானாக எறிந்துவிட்டது, அவ்வளவுதான் நினைவு. ஆட்டத்தை விற்றேன் என்றாலும் பிழைப்பு போகும், எந்த அணி என்பதையே மறந்தேன் என்றாலும் போகும். ஆனால் மறந்தேன் என்று சொல்லத்தான் நாக்கு கூசுகிறது. கதவு திறக்கிறது. அந்தப் பந்தை வாங்கிய நதீம், வியர்வை காயாத பச்சைச் சட்டையோடு நேரே வந்து, பழைய கூட்டாளியின் காதருகே குனிகிறான்.

"கவலைப்படாதீங்கண்ணே. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பந்தைப் போட்டீங்க. அதை நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."