ஜோடி சேர்ந்த டிரான்சிஸ்டர்

அருள்தாஸ் வீட்டிலேயே ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒலியைத் தூக்கிக் கொடுக்க, ஒன்றோடொன்று ஒத்துப்போகிற இரண்டு டிரான்சிஸ்டர்கள் வேண்டும். ஒன்றைப் புதிதாக வாங்கினார். அதற்கு ஜோடி எந்தக் கடையிலும் அகப்படவில்லை. அலைந்து சலித்து, காயலான் கடையில் கிடந்த பழைய மைக் செட்டிலிருந்து ஒன்றைக் கழற்றிவந்து பக்கத்தில் பொருத்தினார்.

புதியதற்கு முகம் சுருங்கிவிட்டது. "உன் கம்பிக் காலெல்லாம் பழைய ஈயம் ஒட்டிக் கிடக்கிறது. நீ சும்மா இரு, முழுப் பாட்டையும் நானே பாடிக்கொள்கிறேன்."

"பாடுங்க தம்பி," என்றது பழையது.

அருள்தாஸ் சுவிட்சைப் போட்டார். பாட்டின் அலை மேலே ஏறியபோது புதியது கம்பீரமாகத் தூக்கிக் கொடுத்தது. அலை கீழே இறங்கியதும் அதன் வாய் தானாக அடைத்துக்கொண்டது. 'போச்சு, பாட்டு அறுந்தது. என்னைக் கழற்றி எறிந்துவிடுவார்' என்று பதறியது.

பாட்டு அறுபடவில்லை. பழையது அதே மூச்சில் அதை வாங்கி, அலை மறுபடி ஏறும்போது பதமாகத் திருப்பிக் கொடுத்தது.

"ஏறும்போது நீங்க, இறங்கும்போது நான். நம்ம வேலையே அதுதானே!"

அருள்தாஸின் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தது.

புதியது மெல்லக் கேட்டது: "அண்ணே, இன்னொன்று பாடலாமா?"