மாப்பிள்ளை இல்லாத படம்

மாப்பிள்ளை ஊர்வலத்தில் இடறி விழுந்த வெள்ளைக்குதிரை சுல்தானா மூன்று நாளாகத் தலை தூக்கவில்லை. குதிரைக்காரர் ஜபருல்லாவுக்குச் சோறு இறங்கவில்லை. எக்ஸ்ரே பெட்டியைக் குதிரையின் கழுத்துக்கு நேரே பிடித்த டாக்டரம்மா, “நீங்க விலகி நில்லுங்க” என்றார்.

யாரோ படம் எடுக்கிறார்கள் என்றதும், கல்யாண வீட்டுப் பழக்கத்தில் சுல்தானா மெல்லத் தலை நிமிர்த்தி அசையாமல் நின்றது. அதே பழக்கத்தில் ஜபருல்லாவின் கையும் அதன் கழுத்துக்குப் போய்விட்டது.

திரையில் முறிவு எதுவும் இல்லை. கழுத்தெலும்புகளின் மேல் ஐந்து விரலெலும்புகள் மட்டும் அதிகமாக இருந்தன.

“விலகச் சொன்னேனே!” டாக்டரம்மா முறைத்தார்.

“இந்தப் படத்துல எனக்கு ஒரு பிரிண்ட் குடுங்க டாக்டரம்மா.” ஜபருல்லா பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “பன்னண்டு வருஷத்துல மாப்பிள்ளை இல்லாம நாங்க ரெண்டு பேரு மட்டும் எடுத்துக்கிட்ட மொத போட்டோ.”