நின்று நின்று ஓடும் கார்

“இந்தச் சனியன் இன்னிக்காவது ஒழியட்டும்!” என்றபடி அம்மா குடையும் கைப்பையுமாக வாசலுக்கு வந்தாள்.

போர்ட்டிகோவில் நின்ற பழைய காரைத்தான் அப்படி வாழ்த்தினாள். மகன் புதுக் காருக்குச் சொல்லிவிட்டான். இருப்பதோ ஒரே ஒரு கார் நிற்கும் இடம். அது வருவதற்குள் இது கிளம்பியாக வேண்டும்.

அப்பா படிக்கட்டில் உட்கார்ந்து கார் துடைக்கும் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். கல்யாணமான புதிதில் ஆசை ஆசையாக வாங்கிய கார். ‘வித்துடலாம்ப்பா’ என்று மகன் சொன்னபோது மறுத்துப் பேச வாய் வரவில்லை. அன்றைக்கு மூடிய வாயை மனிதர் இன்னும் திறக்கவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

மெக்கானிக் பானெட்டை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். “கார்பரேட்டரைக் கழட்டி சுத்தம் பண்ணியாச்சு. பிளக் மாத்தியாச்சு. காலையில நானே ஊரைச் சுத்திட்டு வந்தேன் சார், ஒரு இருமல் கிடையாது.”

“போன தடவையும் இதையேதான் சொன்னீங்க,” என்றான் மகன் கடுப்புடன். “வாங்க வந்தவரை ஏத்திக்கிட்டுப் போனா விக்கி விக்கி நின்னுடுச்சே!”

“அதான் எனக்கும் மண்டை காயுது. கழட்டின பிளக் எல்லாம் ஒரே கரி. ஓடற வண்டியில சோக்கை இழுத்து விட்டா, பெட்ரோல் அதிகமாப் போய் இப்படித்தான் புகை கக்கிட்டு நிக்கும். ஆனா சோக் ஒழுங்கா உள்ளேதான் இருந்துச்சு. நானே பார்த்தேன்.”

அதற்குள் வாங்குபவர் வந்துவிட்டார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

“வாங்க தம்பி, வாங்க! வண்டி தங்கம். ஓட்டிப் பாருங்க, நானும் கூட வரேன். பின்னால உட்கார்ந்தா எனக்குத் தலை சுத்தும்.”

யாரும் பதில் சொல்வதற்குள் முன்சீட்டில் ஏறிவிட்டாள். குடையைக் காலடியில் போட்டு, எதிரே நீட்டிக்கொண்டிருந்த குமிழில் கைப்பையை மாட்டி, ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, காரின் பெருமையைப் பாட ஆரம்பித்தாள். மகன் பின்னால் ஏறிக்கொண்டான்.

கார் சமர்த்தாகக் கிளம்பியது. தபால் பெட்டியைத் தாண்டியது. அப்பா எழுந்து நின்றார். கார் தெருமுனையில் திரும்பி மறைந்தபோது செருப்புக்கூடப் போடாமல் கேட்டுக்கு ஓடினார். துணி கையிலிருந்து நழுவியதை அவர் கவனிக்கவில்லை.

“கவலையை விடுங்க சார்,” என்று பக்கத்தில் வந்து நின்றார் மெக்கானிக். “இன்னிக்கு வித்துடும்.”

அப்பா அவரைப் பார்த்த பார்வையை மெக்கானிக் புரிந்துகொள்ளவில்லை.

அப்போதுதான் தூரத்தில் அந்த இருமல் கேட்டது. ஒன்று, இரண்டு, பிறகு ஒரு பெரிய செருமல். அதோடு சத்தம் அடங்கிவிட்டது.

சற்று நேரத்தில் கார் தள்ளுவண்டியாகத் திரும்பி வந்தது. வாங்க வந்தவர் பின்னாலிருந்து தள்ள, மகன் வெளியே நடந்தபடியே ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தான். அம்மா மட்டும் இறங்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஊர்வலம் வருவதுபோல் வந்தாள்.

“தப்பா நினைச்சுக்காதீங்க, எனக்கு இது சரிப்படாது,” என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு அந்த மனிதர் நடையைக் கட்டினார்.

அம்மா இறங்கி பானெட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். “வந்தவர் முன்னால மானத்தை வாங்கிட்டியே! வெட்கமா இல்ல உனக்கு?”

“கத்தாதேம்மா. நாளைக்கு இன்னொருத்தர் வர்றார்,” என்றான் மகன். “மெக்கானிக், உள்ளே வாங்க. இன்னும் என்னென்ன மாத்தணும்னு சொல்லுங்க.”

தலையைச் சொறிந்துகொண்டே மெக்கானிக் அவன் பின்னால் போனார்.

அப்பா துணியை எடுத்து உதறி, பானெட்டில் அம்மாவின் கை பட்ட இடத்தை மெல்லத் துடைத்தார். அம்மா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். வீட்டுக்குள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் மூடியிருந்த வாயைத் திறந்தார் அவர்.

“தெருமுனை தாண்டினதும் எனக்கு உயிரே போயிடுச்சு. கனம் பத்தலை, அதான் சோக் குமிழ் மெதுவா இழுபடுது. நாளைக்கு உன் கைப்பையில என்னோட பெரிய ஸ்பானரையும் போட்டுக்கோ!”