ஹங்கேரிக்காரர்

"ஹங்கேரியில பனியே பெய்யாதா, லாயோஷ்?"

குப்புறக் கிடந்தவரைப் பார்த்துக் கேட்டார் பயிற்சியாளர் துரீட்.

"பெய்யும். பெஞ்சா நாங்க வீட்டுக்குள்ள போயிடுவோம்" என்றார் அவர், வாயிலிருந்த பனியைத் துப்பிவிட்டு.

நார்வேயில் குடியேறிய வெளிநாட்டினருக்கு நெடுந்தூரப் பனிச்சறுக்கு கற்றுத்தரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அது. ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஹாலந்துக்காரப் பெண் ஒருத்தி, பெல்ஜியம் தம்பதி, போலந்துக்காரர் ஒருவர், அறுபதைத் தாண்டிய ஸ்காட்லாந்துக்காரர், அப்புறம் லாயோஷ். விழுவதில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

உண்மையில் லாயோஷ் ஹங்கேரியை வரைபடத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. நிஜப் பெயர் ஐவின். வயது நாற்பத்திரண்டு. அசல் நார்வேக்காரர்.

நார்வேக்காரன் பிறக்கும்போதே காலில் சறுக்குக்கட்டையோடுதான் பிறக்கிறான் என்பார்கள். ஐவின் வெறுங்காலோடு பிறந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் சறுக்கு நாள் வந்தால் அவருக்கு முழங்கால் வலிக்கும். அந்த வலி முப்பது வருஷம் அவரைக் காப்பாற்றியது. காதலி இங்குனை முதன்முதலாகச் சந்தித்த அன்றுதான் வாய் சும்மா இருக்காமல், "முப்பது கிலோமீட்டரா? எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று சொல்லித் தொலைத்தது.

போன மாதம் இங்குன் போன் செய்தாள்.

"ஈஸ்டருக்கு எங்க மலைக் குடிலுக்கு வர்றே. அப்பா வருஷா வருஷம் விடியக்காலையில சறுக்கக் கிளம்பினா சாயங்காலம்தான் திரும்புவார். யாரையும் சேர்த்துக்கமாட்டார். இந்த வாட்டி நீயும் கூடப் போறே. நான் பேசிட்டேன்."

வருங்கால மாமனாரின் முகத்தை ஐவின் அதுவரை பார்த்ததுகூட இல்லை. இங்குன் முதல் கணவனை விட்டு வந்ததே, அவன் பொய் சொன்னான் என்பதற்காகத்தான். அவளை இழக்க அவருக்கு மனமில்லை. உண்மையைச் சொல்லத் தைரியமும் இல்லை. சொந்த ஊரில் கற்றுக்கொண்டால் மானம் போகும். அதனால் மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்து, ஹங்கேரிக்காரராக விழுந்துகொண்டிருந்தார்.

இடைவேளையில், கட்டையைக் கழற்றாமல் நின்றபடியே எல்லோரும் ஆரஞ்சு உரித்தார்கள்.

"உங்க மொழியில நன்றிக்கு என்னங்க?" என்று கேட்டாள் ஹாலந்துக்காரி.

ஐவினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பொ... பொலாக்கு" என்றார் வாய்க்கு வந்தபடி.

"அதேதான்!" என்று தலையாட்டினார் ஸ்காட்லாந்துக்காரர். "நான் அங்கே ரெண்டு வருஷம் இருந்திருக்கேன்."

போன உயிர் திரும்பி வந்தது ஐவினுக்கு. நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது பக்கத்துத் தடத்தில் வேகமாகச் சறுக்கி வந்த ஒருவர் நின்றார். துரீடிடம் நார்வே மொழியில் பேச்சுக் கொடுத்தார்.

"யாரு இவங்கல்லாம்?"

"வெளிநாட்டு ஆளுங்க. நாம பேசறது ஒண்ணும் புரியாது."

"ஸ்வீடன்காரன் மட்டும் ஒருத்தனும் இல்லை. சரியா?"

"சரிதான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எல்லாரும் கட்டையைக் கால்லயே மாட்டியிருக்காங்களே!"

பக்கத்து நாட்டு ஸ்வீடன்காரனை முட்டாளாக்கும் ஜோக் என்றால் எந்த நார்வேக்காரனுக்கும் உயிர். ஐவினால் அடக்க முடியவில்லை. வெடித்துச் சிரித்துவிட்டார். தொலைந்தோம் என்று வாயைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தால், ஹாலந்து, பெல்ஜியம், போலந்து எல்லாமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தன.

பிறகு சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். துரீட் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஸ்காட்லாந்துக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஐவின் தோளில் கை போட்டார். இப்போது சுத்தமான நார்வே மொழி.

"இனிமே உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு தம்பி? நாப்பது வருஷமா கட்டையைத் தோள்ல தூக்கிட்டு நடந்து போய், மலைக்குப் பின்னாடி உட்கார்ந்து துப்பறியும் நாவல் படிச்சிட்டு, சாயங்காலம் வீரன் மாதிரி வீடு திரும்பறவன் நான். இந்த ஈஸ்டருக்கு என் பொண்ணு இங்குன், எவனோ ஒரு சூரனை என்கூடக் கோத்து விட்டிருக்கா!"