ஈரம் குறையாத மரம்

கிட்டார் செய்பவர் ஈரம் அளக்கும் மீட்டரின் ஊசிகளைப் பலகையில் குத்திப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்ச இந்த ரூம்ல மெஷின் வேற ஓடுது. அப்படியும் மரத்துல ஈரம் குறையல. உங்கண்ணன் பச்சை மரத்தை என் தலையில கட்டிட்டாரு."

"அவர் அப்படிப்பட்டவர் இல்லீங்க" என்றாள் மனைவி.

"மீட்டர் பொய் சொல்லுமா? இதுல கிட்டார் செஞ்சா வெடிப்பு விட்டிரும். இப்பவே போய், உங்க மரமும் வேணாம் உறவும் வேணாம்னு சொல்லிட்டு வரேன்."

வெளியே ஒரு வாரமாக விடாத மழை. அவள் நீட்டிய சட்டையை மாட்டிக்கொண்டவர், அதன் கையைத் தடவிப் பார்த்தார்.

"இந்த மழையிலயும் மொறமொறன்னு காஞ்சிருக்கே. எங்க காயப்போட்ட?"

சொன்னால் அவளுக்குத் திட்டு விழும். ஆனாலும் அண்ணன் பெயர் கெடக்கூடாது.

"எங்கண்ணன் குடுத்த மரத்து மேலதாங்க."