திரண்ட வெள்ளை

ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியின் சிமெண்டுத் தரையில் காலை வெயில் விழுகிறது. கிள்ளானிலிருந்து வந்திருக்கும் டாக்டர், தாய் செங்கமலத்தின் மடியில் கிடக்கும் பொன்னாத்தாளின் கணைக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுக்கிறார். குழி அப்படியே நிற்கிறது. வீங்கிய இமைகளுக்குள் குழந்தையின் கண்கள் வெறும் கோடுகள். ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர் ஞானமுத்து, அவளுடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டுகிறார். அது முட்டையின் வெள்ளைக்கருபோல் திரள்கிறது. "மூத்திரம் பிரிக்கிற குண்டிக்காய் கெட்டிருக்கும்மா. உப்பே குடுக்காதே. இன்னைக்கே கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். ஏன் முன்னமே காட்டல?" என்கிறார் டாக்டர். "சொல்லிடாத தாயி," என்று ஞானமுத்து குனிந்து செங்கமலத்தின் காதருகே முணுமுணுக்கிறார். அந்தக் கெஞ்சல் அவளுக்கு இனிக்கிறது. வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்துகிறாள். "மூணு வாட்டி தூக்கிட்டு வந்தேங்கய்யா. இந்த வீக்கத்த சோத்துக் கொழுப்புன்னு சிரிச்சி வெரட்டுனாரு இவரு. இப்ப சிரிக்கச் சொல்லுங்க."